காப்பர்பேண்டுக்கு உறைந்த மைசிஸ்: ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தபின்

காரைக்குடியில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் எங்கேயோ ஒருவர் தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, வாங்கிவந்த மீன் ஒரு வாய்கூடத் தின்னவில்லையே என்று ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பார். ஜனவரியில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உறைந்த மைசிஸ் என்ற இந்தத் தீவனத்தை எடைபோட முடியும். காப்பர்பேண்ட் என்று கடைக்காரர்கள் சொல்லும் வண்ணத்துப்பூச்சி மீன். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்பக்கம் பொய்க்கண் மாதிரி ஒரு கரும்புள்ளி. வாய் கொக்கின் அலகுபோல நீண்டிருக்கும். அறிவியல் பெயரே செல்மோன் ராஸ்ட்ராடஸ். ராஸ்ட்ராடஸ் என்றால் லத்தீனில் அலகு உள்ளது. அந்தமான் கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் வாழ்கிற மீன். நம் தொண்டிப் பக்கம் வலையில் விழுவதில்லை. கடலில் இது பாறை இடுக்குகளில் அலகை விட்டு, புழுக்களையும் பொடி இறால்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்னும். தண்ணீரில் மிதந்து வரும் எதையும் இது சாப்பாடு என்று நினைப்பதே இல்லை. எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

என் தொட்டி 4 அடி நீளம், ஏறத்தாழ 350 லிட்டர். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், வெயில் படாத நடையில் இருக்கிறது. மூன்றாவது வருஷமாக ஓடுகிறது. ஏற்கெனவே இரண்டு க்ளவுன் மீனும் ஒரு கோபியும் உண்டு. காப்பர்பேண்டை விட்ட அன்றைக்கே அது பாறை மேல் முளைத்திருந்த கண்ணாடி அனிமோன்களை (பூ மாதிரி விரிந்திருக்கும் சின்னக் கடல் உயிரினங்கள்) கொத்த ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை, பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மூன்று நாளில் அனிமோன் தீர்ந்தது. குருணைத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போடு என்றார்கள், அதுவும் என் மீனிடம் எடுபடவில்லை. கடலோர ஊரான மண்டபம் பக்கமிருந்து உயிருள்ள பவளப்பாறை கொண்டுவந்து போடச் சொன்னார் ஒருவர். பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை, அதைத் தொடவே கூடாது. ஐந்தாம் நாள் மேலிருந்து பார்த்தபோது தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றத் தொடங்கியிருந்தது. மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் உறைந்த மைசிஸ் வாங்கினேன். மைசிஸ் என்பது இறால் மாதிரியே இருக்கும் சின்ன உயிரினம், சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் நீளம். 100 கிராம் அட்டையில் மாத்திரைப் பட்டை மாதிரி குழி குழியாக முப்பது கட்டிகள். எனக்கு அட்டை 700 ரூபாய் விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு கட்டி என்று வைத்தால் மாதத்துக்கு ஓர் அட்டை சரியாக வரும்.

முதல் அட்டையை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். பெட்டி வந்து சேரும்போதே உருகி, அதை நானும் தெரியாமல் மறுபடி உறைய வைத்துவிட்டேன். நல்ல கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய டம்ளரில் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு டீ வடிகட்டியில் வடித்து, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். நல்ல சரக்கு என்றால் ஒவ்வொரு மைசிஸும் தலை, வால் என்று முழுசாக இருக்கும். கடுகில் பாதியளவுக்கு இரண்டு கறுப்புக் கண்கள் தெளிவாகத் தெரியும். ஒருமுறை உருகி உறைந்தது என்றால் தலை கழன்று, உடம்பு கூழாகி, வடிகட்டியில் நிற்காமல் தண்ணீரோடு போய்விடும். குழிக்குள்ளேயே ஒரு பக்கம் வெறும் பனிக்கட்டி, ஒரு பக்கம் தீவனம் என்று பிரிந்திருந்தாலும் வாங்காதீர்கள். வடித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பாஸ்பேட் ஏறி, பாசி பிடித்துவிடும்.

இரண்டாவது தடவை சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் வாங்கினேன். சித்தப்பா மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான், அவன்தான் கொண்டுவந்தான். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் வைத்து வாங்கிக்கொண்டு, மத்தியானம் பல்லவன் ரயிலில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. அட்டை கல்லு மாதிரி வந்து சேர்ந்தது. கடைக்காரர் அவன் கண் முன்னால் ஒரு கட்டியை உருக்கிக் காட்டியிருக்கிறார். அந்தப் பொறுப்புக்கே அவரிடம் தொடர்ந்து வாங்கலாம்.

சரி, இவ்வளவு நல்ல சரக்கைப் போட்டதும் மீன் தின்றதா? தின்னவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். க்ளவுன்கள் இரண்டும் வயிறு புடைக்கத் தின்றன. காப்பர்பேண்ட் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் பாறைக்கே திரும்பிப் போனது.

அதன் வாயைத் திறக்க வைத்தது மட்டி. மீன் மார்க்கெட்டில் தொண்டிச் சரக்கு விற்கும் அக்காவிடம் கேட்டேன். "என்ன தம்பி, நாலு மட்டியை வச்சு என்ன கொழம்பு வைப்பீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் காசே வாங்கவில்லை. "மொதல்ல அது திங்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவி, ஃப்ரீசரில் நாலு நாள் வைத்திருக்க வேண்டியது. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் செத்துவிடும், கிருமி எல்லாமே போய்விடும் என்று சொல்ல முடியாது. மீன் இருந்த நிலைமையில் நான் இரண்டு நாள்தான் பொறுத்தேன். ஓட்டைப் பிளந்து, சதையோடு ஒரு பாதியைப் பாறை இடுக்கில் சாய்த்து வைத்தேன்.

அது வந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு கண்ணால் பார்த்தது, உடம்பைத் திருப்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. தலை கீழாகச் சாய்ந்து, அலகை ஓட்டுக்குள் விட்டு ஒரு நூல் அளவு சதையைப் பிடுங்கி, பின்னால் நகர்ந்து, துப்பி, மறுபடி விழுங்கியது. பிறகு இருபது நிமிஷம் அந்த ஓட்டை விட்டு நகரவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தின்னுடுச்சாப்பா?" என்று அவர்களும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

மைசிஸுக்கு வேலை இங்கேதான் வந்தது. மறுநாளிலிருந்து மட்டிச் சதைக்குள் நாலைந்து மைசிஸைச் செருகி வைத்தேன். சதையைப் பிடுங்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சதையைக் குறைத்து மைசிஸைக் கூட்டினேன். ஒன்பதாம் நாள் வெறும் ஓட்டில் மைசிஸை மட்டும் அமுக்கி வைத்தேன், தின்றது. அதற்கடுத்த வாரம் பிப்பெட்டிலிருந்து (சொட்டு விடும் குழாய்) விடும்போதே வந்து கொத்தியது. க்ளவுன்களுக்கு முதலில் தொட்டியின் மறுகோடியில் குருணை போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இதற்கு மிஞ்சாது. இப்போது மட்டி ஓட்டுக்குப் பதில், கூரையில் போடும் பழைய நாட்டு ஓட்டுத் துண்டு ஒன்றில் துளை போட்டு, ஒரு வாரம் ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துகிறேன். துளைக்குள் மைசிஸைத் திணித்து வைத்தால் கடலில் தேடித் தின்பது போலவே தேடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை.

தினமும் மட்டி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். மட்டி எல்லா நாளும் வருவதில்லை. அதோடு எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது, அந்த நாளில் மட்டியை அடுப்படியில் வைத்து உடைக்க முடியாது. மைசிஸை மூடிய டப்பாவில் ஃப்ரீசரின் அடித்தட்டில் வைக்க அம்மா சம்மதித்துவிட்டார்கள். "அந்த வாயில்லா ஜீவனுக்கு ஏதுப்பா செவ்வாய் வெள்ளி" என்று அவர்களே சொன்னார்கள். உறைந்த ஆர்டீமியாவும் (இதுவும் இறால் மாதிரி ஒரு பொடி உயிரினம்) வாங்கிப் பார்த்தேன். விலை குறைவு, மீன் ஆசையாகவும் தின்கிறது, ஆனால் அதில் சத்து போதாது. அதை மட்டும் நம்பக் கூடாது.

குறை என்றால் இரண்டு. ஒன்று, கரண்டு போனால் பதற வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு நாள் நாலு மணிநேரம் மின்சாரம் இல்லை. டப்பாவைச் சுற்றி ஐஸ் ஜெல்லை அடுக்கித்தான் காப்பாற்றினேன். இன்னொன்று, வடிகட்டும்போது சிந்தும் உப்புத்தண்ணீர். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சிந்தினால் உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். எங்கள் நடையில் ஒரு கல்லில் வெள்ளை பூத்துப்போய்விட்டது, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் பழைய பளபளப்பு வரவில்லை.

5-க்கு 4 கொடுப்பேன். புதிதாக வந்த காப்பர்பேண்டுக்கு இதை மட்டும் வாங்கிப் போட்டுக் காத்திருக்காதீர்கள், மட்டியும் கையில் இருக்கட்டும். கடையில் மீனை வாங்கும்போதே உங்கள் எதிரில் அது எதையாவது தின்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். என் மீனுக்கு முதுகுச் சதை மறுபடி நிரம்பிவிட்டது. காலையில் ஃப்ரீசர் கதவு சத்தம் கேட்டாலே தொட்டியின் இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்து நிற்கிறது. மார்க்கெட் அக்கா வாரம் தவறாமல் கேட்கிறார், "நம்ம மீனு எப்படித் தம்பி இருக்கு?"