குழுவுக்குள் சுட்டி பகிர்வு: அரட்டையிலிருந்து பொதுச் சேமிப்புக்கு மாறிய அனுபவம்

நல்ல கட்டுரை ஒன்றைப் படித்ததும் உடன் பணிபுரிபவர்களுக்குக் காட்டத் தோன்றும். அப்படிக் காட்டும் பழக்கம் இல்லாத குழுவில், ஒருவர் கற்றது அவரோடே நின்றுவிடும். அதனால் பகிர்வதைக் குறைக்கச் சொல்லும் யோசனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மாற்ற வேண்டியது பகிரும் வழியை.

எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் அரட்டைச் செயலியில்தான் தொடங்கினோம். கட்டுரையின் சுட்டி (லிங்க்) விழுந்த கணமே எல்லார் திரையிலும் அறிவிப்பு எழும். யாரோ பதில் எழுதுவார், அதற்கு இன்னொருவர் மறுப்பு எழுதுவார், கையிலிருந்த வேலை அப்படியே நிற்கும். குறுக்கீட்டுக்குப் பின் பழைய வேலைக்கு முழுதாகத் திரும்பச் சராசரியாக 23 நிமிடங்கள் ஆகின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர் குளோரியா மார்க் சொல்லியிருக்கிறார். பகிர்ந்தவருக்கு ஒரு நொடி, படிக்காதவருக்கும் இந்த இழப்பு.

சுட்டிகளுக்கென்று தனி அறை திறந்து அறிவிப்பை அணைத்துவைத்தோம். இரைச்சல் நின்றது, படிப்பதும் நின்றது. அணைத்த அறைக்குள் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. பழைய சுட்டியைத் தேடி எடுப்பதும் பெரும்பாடு. வாராந்திர மின்னஞ்சல் தொகுப்பு இதைவிட நன்றாக ஓடியது, ஆனால் தொகுப்பவர் விடுப்பில் போனால் தொகுப்பும் விடுப்பில் போனது.

இப்போது சில ஆண்டுகளாக நாங்கள் இருப்பது லிங்க்டிங்கில். சொந்தச் சர்வரில், மென்பொருளைத் தேவையானவற்றோடு பொட்டலமாக இயக்கும் டாக்கர் வழியாக நிறுவிக்கொள்ளும் திறந்த மூலச் சுட்டிச் சேமிப்பு இது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலான நீட்சியை அழுத்தினால் பக்கம் சேமிக்கப்படும், பகிர்வுப் பெட்டியில் குறியிட்டால் குழுவுக்குத் தெரியும். பகிர்வு வசதியை ஒவ்வொருவரும் தம் அமைப்புகளில் இயக்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பகிர்ந்த சுட்டிகளுக்கு ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிதாகச் சேர்பவற்றை வாசிப்புச் செயலிகள் தாமாக எடுத்துக்கொள்ளும் பட்டியல், இருப்பதுதான் இதன் உயிர். எனக்குத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியிலேயே மின்னஞ்சல்களுக்குப் பக்கத்தில் அந்த ஓடை வந்து நிற்கிறது. வேறு சிலர் தனி ஓடை வாசிப்பானில் படிக்கிறார்கள். மணியடித்து யாரையும் கூப்பிடுவதில்லை. காலையில் படிப்பவர் காலையில் படிக்கிறார், வாரக்கடைசியில் படிப்பவர் அப்போது படிக்கிறார்.

கருவியைவிட ஒரு விதி எங்களுக்கு அதிகம் உதவியது. லிங்க்டிங் சேமிக்கும்போது, பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லும் அறிமுக வரியை விவரப் பெட்டியில் தானாக நிரப்பிவிடும். அதை அழித்துவிட்டு, ‘இது நமக்கு எதற்கு’ என்று சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும் என்பதே அந்த விதி. ‘நாம் அடுத்து மாற்றவிருக்கும் தேடல் பகுதிக்கு இவர்களின் அனுபவம் பொருந்தும், இரண்டாம் பாதி மட்டும் போதும்’ என்று ஒருவர் எழுதினால் அந்தக் கட்டுரை படிக்கப்படுகிறது. அந்த வரி எழுத வராத சுட்டி பெரும்பாலும் பகிரத் தேவையற்ற சுட்டி. எண்ணிக்கை தானாகக் குறைந்தது, தரம் கூடியது.

குறைகளும் உண்டு. சுட்டியின் கீழேயே கருத்து எழுத இடமில்லை, விவாதத்துக்கு அரட்டைக்கோ நேர்ப்பேச்சுக்கோ போக வேண்டும். குறிச்சொற்களை யாராவது அவ்வப்போது சீராக்காவிட்டால் ஒரே பொருளுக்கு நான்கு சொற்கள் முளைத்துவிடுகின்றன.

சர்வர் பராமரிக்க ஆளில்லாத குழுவுக்கு, இணையத்திலேயே இயங்கும் சுட்டிச் சேமிப்புச் சேவையான ரெயின்டிராப் பொருத்தம். தொகுப்பொன்றைத் திறந்து மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். எதை எடுத்தாலும், சேமித்ததை வெளியே எடுத்துக்கொள்ளும் ஏற்றுமதி வசதியைப் பார்த்து எடுங்கள். 2007இல் தொடங்கிப் பலரும் நம்பிக் கட்டுரைகளைச் சேமித்த பாக்கெட் சேவை, 2025 ஜூலையில் மூடப்பட்டது. லிங்க்டிங், உலாவிகள் ஏற்கும் எச்டிஎம்எல் கோப்பாகவே எல்லாவற்றையும் தந்துவிடும். மாதந்தோறும் ஒரு நகல் எடுத்துவைக்கிறோம்.

அரட்டையில் நேரடியாகப் போட நாங்கள் அனுமதிக்கும் சுட்டி ஒரே வகைதான்: நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்ட செய்தி. அது ஓடையில் காத்திருக்கக் கூடாது.