பிராடோவுக்கு ‘ஜப்பான் ரயர்’: காசு கொடுக்க முதல், ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் ரொயோட்டா பிராடோ ஜீப் (150 மொடல்) ஒன்றுக்கு நாலு 18 அங்குல றிம்மும் ரயரும் ஏற்றினார்கள். “தனி ஜப்பான் சாமான் அண்ணை, அரைவாசிகூடத் தேயேல்லை” என்று சொல்லித்தான் விற்பனை. அதில் பொய் இல்லை. அது பனிக்கால ரயர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜப்பானில் பனி கொட்டும் இடங்களில் குளிருக்கென்றே போடும் ரயர் இது. ஸ்ரட்லெஸ் என்பார்கள். தவாளிப்பு பாதி தேய்ந்ததும் பனிக்கு உதவாது. அதைக் காட்டவே பாதி ஆழத்தில் ஒரு மேடு வைத்திருப்பார்கள். அங்கே கழித்தது இங்கே ‘அரைவாசி புதுசு’.

இதன் ரப்பர் 7 பாகைக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்தது. யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் தார் றோட்டில் அது குழைகிறது. றோட்டில் படும் ரப்பர் கட்டைகளில் மயிரிழை வெட்டுகள் வேறு நிறைய இருப்பதால் பிரேக் போட்டதும் கட்டை மடங்கும், வாகனம் தள்ளிப்போய் நிற்கும். மார்கழி மழையில் ஏ9இல் ஓடுபவருக்கு இது சின்ன விசயமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் இதே ரயரைப் புகழ்ந்தால் அவர் சொல்வது சரிதான், அவருடைய றோட்டுக்கு.

பக்கச் சுவரில் ஸ்ரட்லெஸ் என்ற ஆங்கில எழுத்து, அல்லது மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ அடையாளம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து கியூ (மணிக்கு 160 கி.மீ.) என்றாலும் சந்தேகப்படுங்கள். எம்+எஸ் (சேறும் பனியும்) மட்டும் இருந்தால் பயமில்லை, சாதாரண ஜீப் ரயர்களிலும் அது உண்டு. பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம், ரயர் செய்த கிழமையும் ஆண்டும். இந்த ரயர்களில் 1817: 2017ஆம் ஆண்டின் 18ஆவது கிழமை. கட்டைகளின் அடியில் வெடிப்பு ஓடியிருந்தது.

அளவிலும் பிழை. 150 பிராடோவின் 265/65ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், றிம் 17 அங்குலம்) ரயரின் விட்டம் 776 மி.மீ. 18 றிம்முக்கு மாறினால் 265/60 போட வேண்டும், 775 வரும். 19க்கு 265/55, 774. கடைக்காரர் போட்டதோ 265/65ஆர்18, 802 மி.மீ. முழுவதும் வெட்டித் திருப்பினால் உள்மட்காட்டில் உரசுகிறது. மீற்றர் 100 காட்டும்போது உண்மை வேகம் சுமார் 3 கி.மீ. கூடுகிறது. கணக்கு லேசு: அகலம் × சதவீதம் × 2, அதோடு றிம் அங்குலம் × 25.4. போனிலேயே போட்டுப் பார்க்கலாம். பக்கச் சுவரில் உள்ள சுமை எண் 112 (ஒரு ரயருக்கு 1120 கிலோ) என்றால் வீட்டார் ஏழு பேரும் சாமானும் ஏற்றத் தாங்கும்; 17 அங்குலத்தில் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

“ஆறு ஓட்டையும் ஒத்து வருது, பிறகென்ன?” என்பது இன்னொரு வாய்ப்பாடு. மிற்சுபிசி மொண்டெரோ ஜீப்புக்கும் பிராடோவுக்கும் ஒரே 6×139.7 (139.7 மி.மீ. வட்டத்தில் ஆறு ஓட்டை) தான், றிம்மின் நடுத்துளை வேறு: மொண்டெரோ 67, பிராடோ 106 மி.மீ. பிராடோ றிம் மொண்டெரோவில் ஏறும். ஏறி, நடுவில் பிடிப்பில்லாமல் நட்டுகளில் தொங்கும். 80ஐத் தாண்ட ஸ்ரியரிங் ஆடும்.

நட்டையும் பாருங்கள். ரொயோட்டாவின் சொந்த அலோய் றிம்முக்குக் கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட்டு. வேறு கம்பனிகள் செய்யும் வெளி றிம்களில் அநேகம் கூம்பு நட்டுக் கேட்பவை. இந்தப் பிராடோவில் வெளி றிம்முக்குப் பழைய தட்டை நட்டையே இறுக்கி அனுப்பியிருந்தார்கள். ஓட ஓட இளகும் வேலை.

பில்லில் ரயர் அளவு, சுமை எண், டி.ஓ.ரி. இலக்கம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள், பில்லோடு.