லாலாஸின் 22-ஆம் எண் ஜெர்சி: மறுஆக்கம் எப்படி?

1994 கால்பந்து உலகக் கோப்பையில் அமெரிக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் அலெக்சி லாலாஸ் அணிந்த 22-ஆம் எண் ஜெர்சியின் மறுஆக்கத்தை வாங்கிச் சில காலமாக உடுத்தி வருகிறேன். தொலைவிலிருந்து ஜீன்ஸ் துணியாகத் தெரியும் நீலம் உண்மையில் பாலியெஸ்டர் மீது அச்சிடப்பட்டதே. அதன்மேல் சாய்ந்து மிதக்கும் பெரிய வெள்ளை நட்சத்திரங்கள் தையலோரங்களிலும் பிசகாமல் பொருந்தியிருப்பது மிகுந்த நிறைவளித்தது. கழுத்துப்பட்டைதான் விறைப்பாக உறுத்துகிறது. முதுகிலுள்ள எண்ணும் சலவைக்குப் பின் ஓரங்களில் உரியத் தொடங்கிவிட்டது. ஆயினும், கொலம்பியாவை 2-1 என வீழ்த்திய அணியின் அரணாக நின்று, பின்னர் இத்தாலியின் பதோவா அணிக்கு ஆடி, 2002-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்சியுடன் எம்.எல்.எஸ். எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் கோப்பையையும் வென்ற அந்தச் செந்தாடிக்காரரை மதிப்போர் தாராளமாக வாங்கலாம். தோள்பகுதி இறுக்கமாக இருப்பதால், வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாகக் கேட்டுப் பெறுவது நல்லது.