சிவராத்திரியில் செல்ஃப் எடுக்காத வண்டி

எங்கள் பக்கம் மாசி சிவராத்திரி என்றால் சிவன் கோயிலைவிடக் குலதெய்வக் கோயிலில்தான் கூட்டம் அதிகம். மெட்ராஸ், திருப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் எல்லாம் அன்றைக்கு ராத்திரி ஒரே காட்டில் இருப்பார்கள். நானும் கனடாவின் மிசிசாகாவிலிருந்து இந்த முறை லீவை அதற்கேற்ற மாதிரிதான் போட்டேன். 2025 பிப்ரவரி 26. விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு, அறுத்து முடிந்த சோளக்காட்டில் வேனும் காருமாக ஒட்டி ஒட்டி நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா வாங்கிய 2012 டீசல் வண்டி இன்னும் ஓடுகிறது. ஏழு பேர் உட்காரலாம், நெருக்கினால் பத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. அதனால் நடு சீட்டில் அவளை உட்கார வைத்து, காற்று வரட்டும் என்று நாலு கதவையும் திறந்து போட்டோம். பின்கதவையும் தூக்கிவிட்டு அங்கே இரண்டு பிள்ளைகளைப் படுக்கப் போட்டோம். கூரை விளக்கு கொசுவைக் கூப்பிடுகிறது என்று மச்சான் அதன் பொத்தானை ஓரத்துக்குத் தள்ளி அணைத்தார். "லைட்டெல்லாம் ஆஃப் பண்ணியாச்சு மாப்ளே." நானும் நம்பினேன்.

விடிகாலை பொங்கல் பானையை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்கிறது, அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் முன்னால் ஒரு டெம்போ, பின்னால் ஒரு வேன், கீழே காலை வைத்தால் புதைகிற கரிசல்.

கோயில் பூசாரியே ஒரு நம்பர் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் விளாத்திகுளத்திலிருந்து ஒரு தம்பி எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் சாக்கு சுற்றிய பேட்டரி, தோளில் ஜம்ப் கேபிள். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்த முன்கதவின் அடியில் குனிந்து பார்த்தார். "இது ராத்திரி பூரா எரிஞ்சுச்சாண்ணே?"

கதவின் அடிப்பகுதியில், உள்பக்கமாக, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. அதற்குள் பல்பின் இழை மட்டும் செத்த தணலாகத் தெரிந்தது. பதிமூன்று வருஷமாக வீட்டில் இருக்கிற வண்டி, அப்படி ஒரு விளக்கு இருப்பதே எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. கூரைப் பொத்தான் கூரை விளக்குக்கு மட்டும்தான். நாலு கதவுக்கும் டிக்கிக்கும் ஐந்து வாட் பல்பு ஒவ்வொன்று, மொத்தம் இருபத்தைந்து வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அது சுமார் இரண்டு ஆம்பியர் கரண்ட். ஒன்பது மணி நேரம் கதவு திறந்து கிடந்தது. நடுவில் மச்சான் சாமி பாட்டு வேறு போட்டார். அறுபது ஆம்பியர்-மணி பேட்டரிதான், ஆனால் வாங்கி நாலு வருஷம் ஆகிவிட்டது.

மிசிசாகாவில் என் வேன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்விளக்கைத் தானே அணைத்துவிடும். பகலில் முன்விளக்கும் தானே எரியும், அங்கே 1990 முதல் புது வண்டிகளுக்கு அது கட்டாயம். விளக்கைப் பற்றி யோசிக்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. ஊரில் முன்பெல்லாம் பகலில் பைக் விளக்கு எரிந்தால் எதிரே வருகிறவர் விரலை மூடி மூடித் திறந்து சைகை காட்டுவார். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் விளக்கை அணைக்கவே வழியில்லை. இப்போதும் பழக்கதோஷத்தில் சிலர் காட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

அன்றைக்கு முந்நூறு ரூபாயில் வண்டி கிளம்பிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நான்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுவோம் என்று ஒரு நாளைக் கெடுத்தேன். ஏசி, காபி, போனுக்கு ஓடிபி, ஜாப் கார்டு எல்லாம் ஆனது. கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாமல் இருக்க ஒரு ஏற்பாடு வேண்டும், இதுதான் நான் கேட்டது. கையில் டேப்லெட் வைத்திருந்த பையன் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். "அப்படி ஆப்ஷன் இல்ல சார். ஒயரிங்கைத் தொட்டா வாரண்டி போயிரும்." பதிமூன்று வருஷ வண்டிக்கு எந்த வாரண்டி என்று கேட்டேன். சிரித்தான். வாட்டர் வாஷ் மட்டும் பண்ணிக் கொடுத்து, "போன் வந்தா பத்துக்குப் பத்து போட்ருங்க சார்" என்றான். பாவம், அவன் சம்பளம் அதில் இருக்கிறது. போட்டேன்.

மறுநாள் விளாத்திகுளத்துக்கே போனேன். தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், அதன் நிழலில் மூன்று வண்டி. விஷயத்தைச் சொன்னதும் தம்பி கேட்ட ஒரே கேள்வி, "ஆச்சி இறங்குறப்ப வெளிச்சம் வேணுமாண்ணே?" வேண்டும்தான். அப்படியென்றால் பல்பைக் கழற்றுவது சரிப்படாது, சுவிட்ச் வைத்துவிடலாம் என்றார்.

கதவுத் தூணில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்கிறதே, கதவு சாத்தும்போது உள்ளே அமுங்குமே, அதன் ஒயரை வெட்டினால் வேலை சுலபம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதை வெட்டினால் கதவு திறந்திருப்பதை மீட்டரிலும் காட்டாது, ஓடும்போது பின்னால் பிள்ளைகள் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டாலும் தெரியாமல் போகும் என்றார். குமிழைத் தொடாமல், விளக்குகளுக்குப் போகும் லைனை மட்டும் பிரித்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்தார். ஒரு மணி நேர வேலை, சுவிட்சோடு முந்நூற்று ஐம்பது.

மரத்தடியில் நின்ற ஒரு புது வண்டியில் இன்னொன்றும் காட்டினார். அதில் தூணில் குமிழ் கிடையாது, எல்லாம் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கிளிக் தள்ளினார். கதவு சாத்திவிட்டதாக நினைத்து வண்டி விளக்கை அணைத்துவிட்டது. "திரும்பச் சாத்துறதுக்கு முந்தி கைப்பிடியை இழுத்து விட்ரணும்ணே. மறந்து அடிச்சு சாத்துனீங்கன்னா பூட்டு காலி." மிசிசாகா திரும்பியதும் என் வேனில் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது.

போன வாரம் அம்மா போன் பண்ணினாள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி வந்திருக்கிறார்கள், வண்டியை விட்டு இறங்கினால் இருட்டாம். "செருப்பு எங்கன கிடக்குன்னே தெரியலடா. அந்தப் பொத்தான் எங்கிட்டு வச்சிருக்கான், உன் மச்சானுக்கும் தெரியல."