மூன்றரை வருட டவுன் பஸ்: எல்லாம் சரி, நிழற்குடையில் மட்டும் நிற்பதில்லை

போன சனிக்கிழமை வாசலில் நிற்கும் காருக்குப் புது பேட்டரி போட்டோம். ஓட்டாமலே நிறுத்தி வைத்ததில் பழையது செத்துவிட்டது. "வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கக்கா, இல்லைன்னா இதுவும் ஒரு வருஷந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். ஐயாயிரத்துச் சொச்சம் பில். அன்று ராத்திரியே ஓசூரிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, சேலத்துலயே மனை வாங்கி வீடு கட்டிடலாம்னு இருக்கோம். பைபாஸ் தாண்டி ஒரு இடம் வந்திருக்கு. நீதான் தினமும் பஸ்லயே போறியே, கார் வாங்காம சமாளிக்க முடியுமா?"

போனில் ஒரே வரியில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்ன பதில். ஏன் கோபம் என்று பின்னால் சொல்கிறேன். அவளுக்கு நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஊருக்கு வடக்கே, மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிற பக்கம். எனக்கு வேலை செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில், ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுவது. ஒன்பது கிலோமீட்டர் தூரம். 2022 ஜூன் வரை காரில்தான் போய்வந்தேன். லீ பஜாரைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். காலையில் மூட்டை இறக்கும் லாரி, லோடு ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் ஒரே தெருவில் நிற்கும். காரை நிறுத்த இடம் தேடியே கால் மணி நேரம் போகும். ஒருநாள் பின்னால் வந்த லாரி உரசிக்கொண்டு போனது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் பஸ் ஏறினேன். அப்புறம் இறங்கவே இல்லை.

அப்போது பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸெல்லாம் போஸ் மைதானத்தில் நின்றது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அதிலேயே ஒரு வருடம் ஓட்டினேன். 2023 ஜூனில் ஈரடுக்கு பஸ் நிலையம் திறந்தபோது, தலைக்கு மேலே கூரை வந்ததற்காகவே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், என் வேலையே அதுதானே. போகவர பதினெட்டு கிலோமீட்டர். டவுனுக்குள் என் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்தால் அதிகம். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருபத்தைந்து வேலை நாளுக்கு 3,750. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தனி. பஸ்ஸில் எனக்கு ஆகிற செலவு? 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் வராத நாளில் தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துப் போகிறேன். மாதத்துக்கு இருநூறு ரூபாயைத் தாண்டியதில்லை. என் கணவருக்கு இலவசம் கிடையாது, ஆனால் 2018க்குப் பிறகு அரசு பஸ்ஸில் கட்டணமும் ஏறவில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காலை எட்டு இருபது பஸ்ஸில் என்னோடு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகிற பெண்கள். ஒரு அம்மா அஸ்தம்பட்டியில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறார். முன்பெல்லாம் திரும்பி வரும்போது நடந்தே வருவாராம். "டிக்கெட் காசுல ஒரு பாக்கெட் பால் வாங்கிடலாமே" என்றார். இப்போது மத்தியானம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு மறுபடி பஸ் ஏறிப் போகிறார். இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் அந்த அம்மாவோடு ஒரு நாள் உட்கார்ந்து வர வேண்டும்.

எதிர்பார்க்காமல் கிடைத்தது ஏற்காடு பஸ். வருடத்துக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு மேலே போவோம். காரில் போனபோது என் கணவர்தான் ஓட்டுவார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இத்தனை வருடம் ஏறியும் அந்த மலையை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது பஸ்ஸில் போன அன்றுதான் எங்களுக்கே உறைத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே சேலம் சிறுத்துக்கொண்டே போவதைச் சின்னப் பையன் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

மலை டிரைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பால பாடம். சமதளத்திலிருந்து சனி ஞாயிறு வருகிற கார்களில் பலர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள். ஏழாவது எட்டாவது வளைவுக்கு வருவதற்குள் கருகிய வாடை அடிக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கோடை விழா சமயத்தில் காரோடு கார் ஒட்டி நிற்கும்போது, அந்த வரிசைக்கு நடுவே ஐம்பது அறுபது பேரைச் சுமந்துகொண்டு பஸ்ஸும் நிற்கும். ஒரு பஸ்ஸின் நீளம் மூன்று கார் நீளம். அந்த மூன்று காரில் பத்துப் பேர் இருப்பார்களா? ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர் இத்தனை காரை எங்கே நிறுத்தும்?

சரி, இனி அந்த நிழற்குடை விஷயம்.

எங்கள் ஸ்டாப்பில் நல்ல நிழற்குடை இருக்கிறது. கிரானைட் பெஞ்ச், மேலே தகரக் கூரை, விளக்குகூட எரிகிறது. மூன்றரை வருடத்தில் பஸ் அதன் முன்னால் நின்று நான் பார்த்தது மழை நாட்களில் சில தடவை. காலையில் பேக்கரி முன்னால் நிற்கும். கூட்டம் அதிகமானால் வேப்பமரம் தாண்டி நிற்கும். சாயங்காலம் இறக்கிவிடுவது எதிரே மெடிக்கல் ஷாப்புக்கு அப்பால், நடு ரோட்டில். அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் இதில் ஒன்றுதான். தினமும் வருகிறவர்கள் டிரைவர் முகத்தைத் தூரத்திலேயே பார்த்து எங்கே நிறுத்துவார் என்று கணித்து அங்கே போய் நிற்போம். புதிதாக வருகிறவர்களும் வயதானவர்களும் நிழற்குடையை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். பஸ் அவர்களைத் தாண்டிப் போய் நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

டிரைவரிடம் கேட்டிருக்கிறேன். "எங்கம்மா நிறுத்தறது, பாருங்க" என்று காட்டினார். நிழற்குடை முன்னால் நான்கு ஆட்டோ, பத்துப் பதினைந்து பைக், ஒரு தள்ளுவண்டிக் கடை. அவர் சொன்னது நியாயம்தான். ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "பஸ் அங்க நிக்கறதில்லைங்க, சும்மாதானே கிடக்குது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. பஸ் நிற்காததால் ஆட்டோ நிற்கிறது, ஆட்டோ நிற்பதால் பஸ் நிற்பதில்லை. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சில மாதம் கழித்து மஞ்சள் கோடு போட்டார்கள். அடுத்த வாரமே கோட்டின் மேல் வரிசையாக பைக்.

யோசித்துப் பார்த்தால் நிழற்குடை இருக்கிற இடமே தப்பு. இடது பக்கம் தெரு பிரிகிற முனைக்குச் சற்று முன்னால் வைத்திருக்கிறார்கள். பஸ் அங்கே ஓரம் கட்டினால் தெருவுக்குள் திரும்புகிற வண்டியெல்லாம் பின்னால் மாட்டி ஹாரன் அடிக்கும், டிரைவர் முன்னால் நகரத்தான் பார்ப்பார். அதே நிழற்குடையை முனை தாண்டி நாற்பது மீட்டர் தள்ளி வைத்திருந்தால், பஸ் முனையைக் கடந்து வந்து நிற்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்கே ஒரு தடவையாவது பஸ்ஸுக்கு நின்றிருப்பார்களா என்று தெரியவில்லை.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். படிக்கட்டைப் பாருங்கள். நம் ஊர் பஸ்ஸில் முதல் படி ரொம்ப உயரம். நடைமேடையை ஒட்டி நின்றால் அந்த மேடை உயரமே அரைப் படி குறைத்துக் கொடுக்கும். நடு ரோட்டில் நின்றால் முழு உயரத்தையும் காலே ஏற வேண்டும். எனக்கு அது ஒரு எட்டு. எழுபத்திரண்டு வயதில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோன என் அம்மாவுக்கு அது ஒரு சுவர்.

போன வெள்ளிக்கிழமை, மழைத் தூறல். கோட்டை மாரியம்மன் கோவிலுக்குப் போக அம்மா நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, தாண்டியது, வேப்பமரத்தடியில் நின்றது. அம்மா எழுந்து ஓடினார். பாதி வழியில் கால் வழுக்கி விழுந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது, முட்டி வீங்கிவிட்டது. கண்டக்டர் இறங்கி ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் காத்திருந்தார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இவர்கள் யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்பது மீட்டர்மேல் வந்தது. மறுநாள்தான் பேட்டரி மாற்றியதும் தங்கை போன் செய்ததும். "வாங்கிடு, கார் வாங்கிடு" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் பார்த்திருக்கும் மனைக்கு வருகிறேன். பைபாஸ் தாண்டினால் சதுர அடி விலை குறைவு. ஏன் குறைவு என்றால் அங்கே பஸ் இல்லை. விளம்பரத்தில் "பஸ் நிறுத்தம் ஐந்து நிமிடம்" என்று போட்டிருக்கும். அந்த ஐந்து நிமிடம் பைக்கில். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், முப்பதடி ரோடு எல்லாம் இருக்கும். ஆனால் உள்ளே போகிற ரோடு ஒவ்வொன்றும் ஒரு காம்பவுண்டுச் சுவரில் போய் முடியும். பஸ் உள்ளே வந்து சுற்றித் திரும்பிப் போக வழியே வைக்க மாட்டார்கள். மினி பஸ் திட்டம் 1997லேயே நம் மாநிலத்துக்கு வந்துவிட்டது. மினி பஸ்ஸுக்கும் நுழைய ஒரு பக்கம், வெளியேற ஒரு பக்கம் வேண்டுமே.

அப்புறம் என்ன நடக்கும்? நூறு வீடு வந்தால் நூறு கார், இருநூறு பைக். மனையில் மிச்சம் பிடித்த காசு வண்டித் தவணையாகப் போகும். எல்லாரும் காலையில் ஒரே ரோட்டுக்கு வருவார்கள். ரோட்டில் நெரிசல் ஏற ஏற, அதில் ஓடுகிற பஸ்ஸும் நத்தையாகும். தாமதமாக வருகிற பஸ்ஸில் வழியெல்லாம் கூட்டம் ஏறும், அதனால் இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற பஸ் காலியாக ஓடிவந்து அதன் வாலைப் பிடிக்கும். முக்கால் மணி நேரம் ஒன்றும் வராமல் திடீரென்று இரண்டு சேர்ந்து வருவது இப்படித்தான். நின்று நின்று அலுத்தவர்கள் பைக் வாங்குவார்கள், பஸ்ஸில் கூட்டம் குறையும், ஒரு சிங்கிளை, அதாவது ஒரு நடையைக் குறைப்பார்கள். காத்திருக்கும் பத்து நிமிடம் மனதில் இருபது நிமிடமாகத்தான் கனக்கும். போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களே காத்திருப்பைப் பயண நேரத்தைப்போல் இரண்டு பங்காக எடுத்துக்கொள்வதுண்டு. ஐந்து ரோட்டில் 2020ல் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. மேலே போகிறவர்களுக்கு நல்ல வசதி. கீழே பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடக்கிறவர்கள் இன்னும் கையைக் காட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

காரை விற்றுவிடலாம் என்று என் கணவர் இந்த வாரம் சொன்னார். மூன்றரை வருடமாக அதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது நான். இப்போது நானே வேண்டாம் என்றேன். அம்மாவுக்காக அது வாசலில் நிற்கட்டும். பஸ்ஸைப் பற்றி மேலே நல்லதாகச் சொன்ன ஒரு வார்த்தையையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, நாளைக்கும் எட்டு இருபதில்தான் போவேன். ஆனால் முட்டி வலிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் இதை நம்புங்கள் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை.

தங்கைக்கு மறுபடி போன் செய்து கார் பேச்சை நிறுத்தி வைத்தேன். "ஊருக்குள்ள, ஸ்டாப்புக்கு நடந்து போற தூரத்துல பாரு, சின்ன மனையா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். "அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால ஒருநாள் காலையில எட்டரைக்கு அந்த ஸ்டாப்புல போய் நில்லு. பஸ் வருதான்னு மட்டும் பாக்காத, எங்க நிக்குதுன்னு பாரு."