கிளினிக் நிறுவனத்தில் ஏழு வருடம்: ஒரு நர்ஸின் அனுபவம்

பல கிளைகள் வைத்து நடத்தும் ஒரு கிளினிக் நிறுவனத்தில் ஏழு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது மூன்று கிளைகள், இப்போது பதினொன்று. இதற்குள் நான்கு கிளைகளில் டியூட்டி பார்த்துவிட்டேன், மூன்று இன்சார்ஜ்களிடம் வேலை செய்துவிட்டேன். இதே மாதிரி இடத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வருபவை எந்தக் கிளினிக்கிலும் நடக்கக்கூடியவை.

பெரிய ஆஸ்பத்திரி வார்டிலிருந்து இங்கே வந்தவள் நான். முதலில் தெரிந்த வித்தியாசம் தூக்கம். நைட் டியூட்டி கிடையாது, நடுராத்திரியில் போன் வராது. வந்த ஆறு மாதத்திலேயே உடம்பு தேறியது. இன்னொரு வித்தியாசம், நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பது. வார்டில் ஐந்து நாள் பார்த்தவரை அப்புறம் பார்க்கவே மாட்டோம். இங்கே முதல் தடுப்பூசிக்கு அழுத குழந்தை இன்று பள்ளிப் பையோடு வந்து என் மேஜை மேல் ஏறி உட்கார்கிறது. சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்துவிட்டது என்று ரிப்போர்ட்டை நீட்டும் பெரியவரின் முகத்தை வருடக்கணக்காகப் பார்க்கக் கிடைப்பது இந்த வேலையில்தான். நான் இன்னும் இங்கே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சிரமம் எங்கே என்றால், கிளை சின்னது. எட்டு ஒன்பது பேர். ஒருவர் லீவு போட்டால் அந்த வேலை காற்றில் கரைந்துவிடாது, மீதிப் பேர் தலையில் வந்து உட்காரும். அதோடு, கிளையில் யார் இன்சார்ஜோ அவருடைய குணம்தான் அந்தக் கிளையின் குணமாகிவிடுகிறது. தலைமை அலுவலகம் ஒன்று, விதிமுறைப் புத்தகம் ஒன்று, சம்பளப் பட்டியல் ஒன்று. ஆனாலும் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் வேறு நிறுவனத்தில் சேர்ந்த மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தை நான் ஒரு தாளில் பார்த்தேன்.

தடுப்பூசி ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைத் தாளைச் சொல்கிறேன். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். காலையில் கிளினிக் திறந்ததும் ஒரு தடவை, மாலையில் மூடுமுன் ஒரு தடவை அளவைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். சூடு ஏறினாலும் ஆபத்து, உறைந்தாலும் ஆபத்து. ஹெபடைடிஸ் பி, டிபிடி போன்ற ஊசிகள் ஒரு தடவை உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும். குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. அந்தத் தாளை நம்பித்தான் நாங்கள் குழந்தைக்கு ஊசி போடுகிறோம்.

சேர்ந்த முதல் வருடம், ஒரு விடுமுறைக்கு முந்தின மாலை. கூட்டம் முடியவே நேரமாகிவிட்டது. அவசரமாக ஃபிரிட்ஜைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். விடுமுறை முடிந்து காலையில் வந்து பார்த்தால் திரையில் 12.4. கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. கடைசியாகப் பூட்டியவள் நான்தான். கை நடுங்க இன்சார்ஜிடம் போய், "மேடம், நான்தான் சரியா மூடலை" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, முதல்ல மருந்தைப் பார்ப்போம், வா" என்று எழுந்து வந்தார். எல்லாப் பெட்டிகளையும் தனியாக எடுத்து 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதி ஒட்டினோம். எதையும் தூக்கிப் போடவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துப் பக்கத்துக் கிளையின் ஃபிரிட்ஜுக்கு அனுப்பினோம். எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி வரை என்று குறித்துத் தயாரிப்பு நிறுவனங்களிடம் கேட்டார். சிலவற்றைப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது, சிலவற்றை அழிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஊசிக்கு வரவேண்டிய பெற்றோர்களுக்கு அவரே போன் செய்து வேறு தேதி கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்க வைத்து, "கதவு ஏன் மூடலைன்னு பாரு" என்றார். கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தேவைக்கு மேல் ஆர்டர் போட்டதில் இடம் போதவில்லை. அந்த வாரமே தட்டுகளில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தாண்டி எதுவும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். கதவுக்கு ஓர் அலாரமும் வந்தது. தாளில் அந்த 12.4 அப்படியே இருந்தது, பக்கத்தில் என் கையெழுத்தோடு.

நான்காம் வருடம் வேறு கிளைக்கு மாற்றினார்கள். அப்போது நிறுவனம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நோயாளிக்கு 15 நிமிடமாக இருந்த அப்பாயின்ட்மென்ட் 10 நிமிடமானது. மாதாமாதம் கிளைகளுக்கு மதிப்பெண், அதை வைத்து ஊக்கத்தொகை. மதிப்பெண்ணில் ஒரு வரி, 'சம்பவங்கள்: பூஜ்யம்'. அதாவது, தவறோ விபத்தோ ஒன்றுகூடப் பதிவாகியிருக்கக் கூடாது. எங்கள் புதிய இன்சார்ஜ் கெட்டவர் இல்லை. மேலிருந்து வந்த அழுத்தத்தை அப்படியே கீழே இறக்கினார், அவ்வளவுதான். ஏதாவது பிசகு நடந்தால் போட்டோ எடுத்து, பெயரோடு குரூப்பில் போடுவார்.

அங்கே முதல் நாள் வெப்பநிலைத் தாளைப் பார்த்தேன். மூன்று வாரமாகக் காலை 5.0, மாலை 5.0. ஒரு நாள்கூட 4.8 இல்லை, 5.3 இல்லை. கதவைத் திறந்து திறந்து மூடும் எந்த ஃபிரிட்ஜும் அப்படி இருக்காது. ஃபிரிட்ஜ் ஒழுங்காகத்தான் இருந்தது, நான் சோதித்துப் பார்த்தேன். ஆனால் அளவைப் பார்த்து எழுதும் பழக்கமே அங்கே செத்துப்போயிருந்தது. எழுதிய பெண்ணைத் தனியாகக் கேட்டபோது, "8.2 எழுதினா குரூப்ல பேர் வரும் சிஸ்டர்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நன்றாக நடக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் அந்தக் குழுக்களில்தான் அதிகம் பதிவாகியிருந்தது. தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது, நல்ல குழுவில் அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று அவருக்கு அப்புறம் புரிந்தது. பயமில்லாமல் பேச முடிகிற சூழலைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1999-ல் வந்தது. ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அந்த இரண்டு தாள்களும் கண் முன்னால் வந்து நின்றன.

அதே கிளையில்தான் அது நடந்தது. எங்களோடு சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண், உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் ஆள்காட்டி விரலைக் காட்டினாள். சின்னச் சிவப்புப் புள்ளி. முந்தின நாள் காலையில் ரத்தம் எடுத்த ஊசியை டப்பாவில் போடும்போது, உள்ளிருந்த வேறொரு ஊசி குத்திவிட்டது. டப்பா முக்கால்வாசி நிறைந்ததுமே மாற்றியிருக்க வேண்டும், அது வாய் வரை நிறைந்திருந்தது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவியிருக்கிறாள், அது சரி. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் தனியாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறாள்.

ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன். எந்த நோயாளியின் ஊசி என்று கண்டுபிடிக்க வழியில்லாததால் அன்றே மருந்தை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டாள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பே போட்டிருந்ததால் அந்தக் கவலை இல்லை. மாதக்கணக்கில் நடந்த பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை. "இந்த மாசம் நம்ம கிளைக்கு ஜீரோ வரணும்னு சொன்னாங்கல்ல அக்கா."

அன்று இரவு உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். வேறு கிளைகளிலிருந்தும் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நான்கு மாதம் கழித்து மதிப்பெண்ணிலிருந்து அந்த வரியை எடுத்தார்கள். நிறுவனத்தைப் பாராட்ட வேண்டிய இடம் இது, தாமதமானாலும் கேட்டார்கள். குரூப்பில் போட்டோ போடுவதும் நின்றது. காலையில் கதவு திறக்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரும் நின்று பேசும் பழக்கம் வந்தது: இன்றைக்கு யார் இல்லை, எந்த மருந்து தீரப்போகிறது, நேற்று என்ன பிசகியது. டாக்டரும் நிற்கிறார். துப்புரவு செய்யும் அம்மாவும் நிற்கிறார். ஊசி டப்பா நிறையப்போகிறது என்று பெரும்பாலும் முதலில் சொல்பவர் அவர்தான்.

ரிசப்ஷனைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிளினிக்கில் மிகக் கடினமான வேலை என்னுடையது இல்லை, அவர்களுடையது. டாக்டர் 40 நிமிடம் தாமதமானால் திட்டு வாங்குவது அவர்கள். ஆப் வேலை செய்யவில்லை என்றாலும், ரிப்போர்ட் வரவில்லை என்றாலும் அவர்கள்தான். வலியோடும் பயத்தோடும் வருகிற மனிதர் முதலில் பார்ப்பது அந்த முகத்தை. ஒரே பெயரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்து, ஃபைல் மாறாமல் காப்பாற்றுவதும் அவர்களே. முன்பெல்லாம் தாமதத்தை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. இப்போதைய இன்சார்ஜ் வந்ததும் அதை மாற்றினார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்குமுன்பே சொல்லிவிடுகிறார்கள், வேண்டுமானால் போய்விட்டு வரலாம் என்கிறார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஒரு பெண் மதிய இடைவேளையில் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவாள், அது நின்றது.

சம்பளம் பெரிய ஆஸ்பத்திரியை விடக் கொஞ்சம் குறைவு, தேதி தவறாமல் வரும். ஓவர்டைம் கணக்கில் எப்போதும் ஒரு சண்டை உண்டு, எழுதி வைத்துக்கொண்டால் கிடைக்கும். பயிற்சி வகுப்புகள் நன்றாக இருக்கும். பதவி உயர்வு அபூர்வம், சின்னக் கிளையில் ஏறுவதற்குப் படி எங்கே இருக்கிறது.

ஐந்தாம் வருடத்தில் நானே தளர்ந்துபோனேன். காலையில் எழும்போதே களைப்பு. நோயாளி பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. நான் செய்வதில் என்ன பிரயோஜனம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட் என்பதை விளக்கியபோது இந்த மூன்றையும்தான் சொன்னது: சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல், திறமை குறைந்ததாக உணர்தல். அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, நீண்ட காலம் சரிசெய்யப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் இதைப் பற்றி எழுதியதே ஓர் இலவச கிளினிக்கில் தன்னோடு உழைத்தவர்களைப் பார்த்துத்தான். படித்தபோது ஆறுதலாக இருந்தது. என் மனவலிமையில் குறை என்றே அதுவரை நினைத்திருந்தேன். இன்சார்ஜிடம் சொன்னேன். இரண்டு வாரம் லீவு கொடுத்தார், திரும்பி வந்ததும் வாரத்தில் ஒரு நாள் தடுப்பூசிப் பகுதி மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார். லீவை விட அந்த மாற்றம்தான் என்னை நிமிர்த்தியது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: ஊசி குத்திக்கொண்டால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், இரவு எட்டு மணிக்கு நடந்தால் யாரிடம்? பதில் உடனே வந்தால் நல்ல அடையாளம். ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் எங்கிருந்து வருகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் கிளையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டு, ஃபிரிட்ஜ் கதவில் உள்ள தாளைப் படித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கிளையில் இன்னும் தீராதது அந்த 10 நிமிடம். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, அடுத்த ஊசி எப்போது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் ஒலித்துவிடுகிறது. தடுப்பூசிக்கு மட்டுமாவது மறுபடி 15 நிமிடம் வேண்டும் என்று எங்கள் கிளை நர்ஸ்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் போன மாதம் அனுப்பியிருக்கிறோம். இன்சார்ஜும் போட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.