16 வருஷமாக வீட்டில் இருக்கும் வசம்பு

மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது, நல்ல வசம்பு எங்கே வாங்கலாம் என்று தோழி போன வாரம் போன் செய்து கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. நான் வசம்பு வாங்க ஆரம்பித்து 16 வருஷம் ஆகிறது. எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். அதன் மேல் தீராத கோபமும் உண்டு.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். அரிசி டப்பா. 25 கிலோ சிப்பம் வாங்கினால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் வரும். மழைக்காலத்தில் பாதி தீர்வதற்குள் வண்டு வந்துவிடும். விரல் நீள வசம்பு ஐந்தாறு துண்டைத் தட்டி, மெல்லிய துணியில் முடிந்து அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று போட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நான் அரிசியை வெயிலில் காய வைத்ததே இல்லை. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் இந்த அளவுக்குக் கேட்டதில்லை. அரிசியில் லேசாக வாசனை ஏறும். மூன்று தண்ணீர் களைந்தால் போய்விடும். துண்டுகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். உடைத்து முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏற வேண்டும், ஏறாவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

புத்தக அலமாரியிலும் அப்படித்தான். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு இதையெல்லாம் பொடித்துக் கற்பூரத்தோடு துணிப் பொட்டலமாக வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் செய்தேன். அப்பாவின் பழைய பஞ்சாங்கங்கள் இன்னும் முழுசாக இருக்கின்றன.

ஒரு வருஷம் மொட்டை மாடித் தொட்டியில் வளர்த்தும் பார்த்தேன். வேர் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, சேற்றுக்குள் படுத்து ஓடும் தண்டு அது. தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கர்நாடகத்தில் தும்கூர் பக்கம் நெல்லுக்குப் போலவே தண்ணீர் கட்டித்தான் பயிரிடுகிறார்கள். கத்தி மாதிரி நீட்டி நிற்கும் இலையைக் கிள்ளினாலே கை மணக்கும்.

சரி, குழந்தைக்கு வருகிறேன். மூத்தவனுக்கு ராத்திரியானால் வயிறு உப்பிக்கொள்ளும். அத்தை வசம்பை விளக்கெண்ணெயில் முக்கி, அகல் விளக்கில் காட்டி, வெளியே கரியாகும் வரை சுடுவார். கல்லில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டு இழைத்தால் மை மாதிரி வரும். அதைத் தொப்புளைச் சுற்றிப் பத்துப் போடுவார். அரை மணி நேரத்தில் காற்றுப் பிரிந்து பிள்ளை தூங்கிவிடும். மருந்தின் குணமா, அத்தையின் கைச் சூடா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பத்தோடு நிறுத்தியவரைக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

இளையவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, பார்க்க வந்த உறவுக்காரப் பாட்டி ஒருவர் ஆசையாக உரைமருந்து கொடுத்தார். வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து நாக்கில் தடவினார். அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாந்தி. அதற்கப்புறம் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு கொடுத்தீங்க?"

"ரெண்டு இழைப்பு."

அவர் திரும்பக் கேட்டார். எங்களிடம் வேறு பதில் இல்லை.

என் கோபமெல்லாம் இந்த இழைப்பின் மேல்தான். அத்தையின் கல் நடுவில் குழிந்து வழவழவென்று தேய்ந்தது; பத்துத் தடவை இழைத்தால்தான் நிறமே வரும். அன்று பாட்டி எடுத்தது நான் புதிதாக வாங்கியிருந்த கல், சொரசொரவென்று இருக்கும். அதில் இரண்டு இழைப்புக்கே கறுப்பாக வழிந்தது. கல் மாறினால் அளவு மாறுகிறது, கை அழுத்தினால் மாறுகிறது, வசம்பு புதுசாக இருந்தாலும் மாறுகிறது. அப்புறம் நான்கு பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர் கொஞ்சூண்டு என்றார். ஒருவர் நாக்கில் காட்டினால் போதும் என்றார். பிள்ளையைப் பார்த்துக் கொடுக்கணும் என்றார் மூன்றாமவர். நான்காமவர், நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்றார். சித்த மருத்துவர் மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்கிறார். வீட்டுக்குள் வந்ததும் அந்த எடை எங்கே போகிறது?

வசம்பு அதிகமானால் வாந்தி வரும் என்பது பழைய வைத்தியத்துக்கே தெரியும். அதில் இருக்கும் பீட்டா அசரோன் எலிகளுக்குக் குடலில் கட்டியை உண்டாக்கியதால், 1968-ல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். வண்டு பெருகாமல் தடுப்பதும் அதே பொருள்தான். இது தெரிந்தபோது அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று அன்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கையில் கட்டும் வசம்பு வளையலும் அப்படித்தான். கட்டிய கை நாள் முழுக்க வாயில்தானே இருக்கும்?

இளையவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, நன்றாக இருக்கிறாள்.

நேற்று தோழிக்குப் போன் செய்து, வாங்காதே என்றேன். பத்துப் போட மட்டும்தான் என்றாள். கைக்குழந்தை இருக்கும் வரை அரிசிக்குக்கூட வசம்பை வீட்டில் வைக்காதே, வண்டு வந்தால் புடைத்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டில் இருந்தால் யாராவது ஒருவர் கல்லை எடுப்பார்கள். அவளுக்கு மனசு வருத்தம்தான், குரலில் தெரிந்தது.

போனை வைத்துவிட்டுப் புதுச் சிப்பத்தைப் பிரித்துக் கொட்டினேன். பழைய முடிச்சில் வாசனை இல்லை. நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நூறு கிராம் வாங்கி வந்தேன்.